ஒரு சீட்டுக்கு நாலு பேர் ஓடினோம்

1. டிரையல்ஸ்

"லாங் டிஸ்டன்ஸா? அதுக்கு ஒரே ஒரு சீட்டுதாம்மா இருக்கு. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தியைத்தான் எடுக்க முடியும்."

கல்லூரி மைதானத்தில் ரோஸலின் மேடம் இப்படிச் சொன்னபோது நானும் செல்வியும் கையைக் கோத்துக்கொண்டு நின்றோம். அன்று காலை தாம்பரத்தில் மின்ரயில் ஏறியதிலிருந்தே அப்படித்தான் இருந்தோம். மேடம் சொல்லி முடித்தவுடன் யார் முதலில் கையை உருவினோம் என்பதில் எங்களுக்குள் இன்றுவரை தகராறு உண்டு. நீதான் என்கிறேன் நான். நீதான் என்கிறாள் அவள்.

நான் பெண்கள் கல்லூரி ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் பிசிக்கல் டைரக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட்டு கேட்டு வந்த பெண்களை வருஷா வருஷம் ஓடவிட்டு, தாண்டவிட்டு, குண்டு எறியவிட்டுத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். "மேடம், உங்களுக்கு எப்படி சீட்டு கிடைச்சுது?" என்று கேட்காத பெண் குறைவு. மைதானத்தில் நின்றபடி சொல்லி முடிக்கிற கதையில்லை என்பதால் எழுதுகிறேன். இது எண்பதுகளின் நடுவில் நடந்தது.

எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில். என் அப்பா, நான் அத்தா என்று கூப்பிடுவேன், மார்க்கெட் பக்கம் தையல் கடை வைத்திருந்தார். செல்வி பெருங்களத்தூர்க்காரி. ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி அவர்களுக்கு நிலம் இருந்தது. அப்போதுதான் அவள் அப்பா அதை மனையாகப் பிரித்து விற்க ஆரம்பித்திருந்தார். நாங்கள் இருவரும் தாம்பரத்தில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. ஒன்பதாவது படிக்கும்போது ஸ்போர்ட்ஸ் டேயில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்குப் பெயர் கொடுத்தவர்கள் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. அதனால் ஒருத்தி முதலாவது, இன்னொருத்தி இரண்டாவது. அதை வைத்தே வட்டாரப் பள்ளிகளுக்கான ஜோன் மீட்டுக்கு அனுப்பினார்கள், அங்கேயும் ஜெயித்துவிட்டோம். லட்சியம், கனவு என்றெல்லாம் சொல்ல எதுவும் இல்லை. கூட்டமில்லாத வரிசையில் போய் நின்றோம், அவ்வளவுதான்.

ஆனால் ஓட ஓடப் பிடித்துப்போனது. விடியும் நேரத்துக்குச் செல்வி முதல் பஸ்ஸில் தாம்பரம் வந்துவிடுவாள். ரயில்வே கேட்டைத் தாண்டி சிட்லபாக்கம் ஏரிக்கரை வரை ஓடிவிட்டுத் திரும்புவோம். நான் அரை டிராயர் போட முடியாது என்பதால் அத்தாவே டிராக் பேன்ட் தைத்துக் கொடுத்தார். அதற்கு முன் அவர் அப்படி ஒன்றைத் தைத்ததில்லை. "ஓடுற துணின்னா எங்க புடிக்கும், எங்க இழுக்கும்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? ஓடிக் காட்டு" என்று கடை வாசலிலேயே என்னை இங்கிருந்து அங்கே ஓடவிட்டுப் பார்த்தார். சொந்தக்காரர் ஒருவர் கடைக்கே வந்து, "பொம்பளைப் புள்ள ரோட்டுல ஓடுதாமே?" என்று கேட்டபோது, "ஆமா, ஓடுது. நான்தான் தச்சுக் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டுத் தையல் மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

பிளஸ் டூ முடிந்ததும் இரண்டு பேருக்கும் ஒரே நெருக்கடி. பணம் கட்டிக் கல்லூரியில் சேர்க்கும் நிலையில் அத்தா இல்லை. செல்வி வீட்டில் பிரச்சினை பணம் அல்ல. "ஓட்டத்துக்காவ ஓசியில சேத்துக்கினா போ. இல்லாங்காட்டி உங்க அத்தை வூட்டுக்குப் போ" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அங்கே அவளைக் கட்டிக்கொள்ள அத்தை மகன் ஒருவன் தயாராக இருந்தான்.

இந்த நிலையில்தான் நகரத்துக்குள் இருந்த பெண்கள் கல்லூரி ஒன்றில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு டிரையல்ஸ் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றோம். இருவருக்கும் சேர்த்து ஒரு சீட்டு.

மூவாயிரம் மீட்டர். புல் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்ட டிராக். ரோஸலின் மேடம் குள்ளமானவர். வெயிலுக்கு ஒரு கறுப்புக் குடை, கழுத்தில் விசில். ஊதினார், ஓடினோம். பழக்கதோஷத்தில் ஒரு சுற்று நான் முன்னால், அடுத்த சுற்று அவள் முன்னால் என்று மாற்றி மாற்றித்தான் போனோம். கடைசிச் சுற்று மணி அடித்தவுடன் நான் இருக்கிற எல்லாவற்றையும் போட்டு இழுத்தேன். வளைவில் செல்வி என்னைத் தாண்டிப் போனாள். விடாமல் துரத்தினேன், பிடிக்க முடியவில்லை. நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை. அவள் என்னைவிட நல்ல ஓட்டக்காரி, அன்று அது மேடம் முன்னால் தெரிந்துவிட்டது.

ஜெயித்தவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். தோற்ற நான் அவளைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி ஷமீமா இது! நீயாவது ஜெயிச்சுத் தொலைச்சிருக்கக் கூடாது?"

"கடைசி ரவுண்டுல அந்தப் பறப்பு பறந்துட்டு இப்ப என்னைக் கேக்குறியா?"

"காலு அதுவா போவுதுடி. நான் இன்னா பண்ண சொல்லு!"

2. ஒரு சந்தேகம்

மேடம் பேப்பர்களை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அவர் பின்னாலேயே போனேன். போய்க் கேட்கலாம் என்று முதலிலேயே திட்டம் போட்டுக்கொண்டு போகவில்லை. வெறுங்கையோடு தாம்பரத்தில் போய் இறங்கி அத்தா முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற நினைப்புதான் தள்ளிக்கொண்டு போனது.

"மேடம், ஒரு சந்தேகம்."

"சொல்லும்மா."

"உங்க காலேஜ்ல கிராஸ் கன்ட்ரி டீம் இருக்கா மேடம்?"

"இல்லை."

"ஏன் மேடம்?"

மேடம் நிமிர்ந்து பார்த்தார். "ஏன்னா ஓட ஆள் இல்லை. யாரு வெயில்லயும் சேத்துலயும் நாலு கிலோமீட்டர் ஓடுவா?"

"நாங்க ரெண்டு பேர் ஓடுவோமே மேடம்."

"டீம்னா நாலு பேர் முடிக்கணும்மா. ரெண்டு பேரை வச்சு என்ன பண்றது?"

அவர் சொன்னதன் கணக்கை இங்கே விளக்கிவிடுகிறேன். கிராஸ் கன்ட்ரி என்பது டிராக்கில் இல்லாமல் காடு மேடு வழியாக ஓடுவது. ஒவ்வொருத்தியும் எத்தனையாவதாக வருகிறாளோ அதுதான் அவள் புள்ளி. முதலாவது வந்தால் ஒன்று, பத்தாவது வந்தால் பத்து. ஓர் அணியில் நாலு பேருடைய புள்ளியைக் கூட்டிப் பார்ப்பார்கள், குறைவாக வருகிற அணி முன்னால். நாலாவது ஆள் வந்து சேராவிட்டால் அணியே கணக்கில் கிடையாது. முதல் மூன்று ஆட்கள் பறந்து வந்திருந்தாலும் சரி.

"மீதி ரெண்டு பேரை நாங்க கொண்டுவர்றோம் மேடம்" என்றேன். யாரை, எங்கிருந்து என்று எனக்கே தெரியாது.

மேடம் சிரித்துவிட்டார். குடையின் கைப்பிடியைத் திருகினார். அப்புறம் சொன்னார்: "சரி. அவளுக்கு சீட்டு கன்ஃபர்ம். உன்னை ப்ரொவிஷனலா போடச் சொல்லி பிரின்சிபால்கிட்ட பேசறேன். மழைக்காலத்துல இன்டர் காலேஜ் கிராஸ் கன்ட்ரி வரும். அதுல டீம் முதல் மூணு இடத்துக்குள்ள வரணும். வந்தா, நீ ஓடறவரைக்கும் மூணு வருஷமும் உனக்கு ஃபீஸ் கிடையாது. வரலைன்னா அடுத்த டெர்ம்லேருந்து நீ கட்டிப் படிக்கணும். முடியுமா?"

"முடியும் மேடம்."

வெளியே வந்து செல்வியிடம் சொன்னதும் அவள் அழுகையை நிறுத்திவிட்டு என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "ஆளு எங்கடி கீது?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

3. ஆள் தேடிய கதை

மூன்றாவது ஆள் சுலபமாகக் கிடைத்தாள். கனகா, இரண்டாம் வருஷம், கல்லூரி ஹாக்கி அணியில் ஹாஃப் பேக். மைதானம் முழுக்க ஓடிப் பழக்கமுள்ளவள். "ஓடறேன். ஆனா நீ போட்டிருக்கிற மாதிரி பேன்ட் எனக்கும் ஒண்ணு வேணும்" என்றாள். அத்தா அளவைக்கூடக் கேட்கவில்லை. "ஹாக்கி ஆடுற புள்ளையா? தொடையில லூஸா வைக்கணும்" என்று சொல்லி அடுத்த நாளே தைத்துக் கொடுத்துவிட்டார்.

நாலாவது ஆளுக்கு வகுப்பு வகுப்பாக அலைந்தோம். "ஓடினா கறுத்துடுவேன்" என்றாள் ஒருத்தி. வீட்டில் விடமாட்டார்கள் என்றாள் இன்னொருத்தி. என்.சி.சி. பெண் ஒருத்தி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, முதல் நாள் ஓடிப் பார்த்துவிட்டு எங்கள் கண்ணில் படாமல் நடமாட ஆரம்பித்தாள். ஒரு மாதம் போனது. எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் காலை, ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மென்டில் உட்கார்ந்திருந்தோம். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் வண்டி நின்று கிளம்பும் சமயம், தாவணி கட்டிய ஒரு பெண் நடைமேம்பாலப் படிகளில் தடதடவென்று இறங்கி, பிளாட்பாரத்தில் பாய்ந்து வந்து, நகர ஆரம்பித்த வண்டியில் ஏறினாள். இடது கையில் டிபன் பையை விலாவோடு இடுக்கியிருந்தாள். ஏறியவுடன் பக்கத்தில் இருந்தவளிடம், நேற்று விட்ட இடத்திலிருந்து ஏதோ கதை பேச ஆரம்பித்துவிட்டாள்.

செல்வி என் தொடையைக் கிள்ளினாள். "பாத்தியாடி? மூச்சே வாங்கல அதுக்கு!"

அடுத்த நாளும் பார்த்தோம். அதே ஓட்டம், அதே கதை. மூன்றாம் நாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "தினமும் இப்படித்தான் ஓடி வருவீங்களா?" என்று கேட்டேன்.

"ஏன், உங்களுக்கு ஏதாவது ப்ராப்ளமா?"

"ஐயோ, இல்லைங்க. சும்மாதான் கேட்டேன்."

"என்ன பண்றது சொல்லுங்க. ஏரிக்கு அந்தப் பக்கம் வீடு. தெருப் பம்புல எங்க முறை வர்றதும் இந்த ட்ரெயின் வர்றதும் ஒரே டைம். தண்ணி அடிச்சு வச்சுட்டு ஓடி வரேன்."

அவள் பெயர் ஹேமா. எங்கள் கல்லூரியிலேயே பி.காம். சிட்லபாக்கத்தில் அப்பா ரிடையர் ஆகி வீட்டில் இருந்தார். விளையாட்டு என்று அவள் எதையும் தொட்டதில்லை. விஷயத்தை முழுவதும் கேட்டுவிட்டு, "ஓடினா எனக்கு என்ன கிடைக்கும்?" என்றாள்.

நான் பதில் யோசிப்பதற்குள் செல்வி சொல்லிவிட்டாள்: "உனக்கு ஒண்ணும் கெடைக்காது. இவளுக்கு சீட்டு கெடைக்கும்."

ஹேமா என்னை மேலும் கீழும் பார்த்தாள். கிண்டி தாண்டும் வரை ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "சரி, வரேன். ஆனா ஒண்ணு. ட்ரெயின் இல்லாம எனக்கு ஓட வராது" என்றாள்.

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தோம். ஞாயிற்றுக்கிழமை சிட்லபாக்கம் ஏரிக்கரையில் ஓடவிட்டபோதுதான் அது எவ்வளவு உண்மை என்று தெரிந்தது. அவளுக்கு இரண்டே வேகம். ஒன்று, ரயிலைப் பிடிக்கிற வேகம். இன்னொன்று, நடை. பாய்ந்து போய்க் கொஞ்ச தூரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். கனகா கத்திப் பார்த்தாள். செல்வி கெஞ்சிப் பார்த்தாள். எனக்கு ஒன்று தோன்றியது. இவள் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. பேசிக்கொண்டே ஓடவிட்டால்?

"ஹேமா, உங்க எதிர் வீட்டுல என்னமோ தகராறுன்னு சொன்னியே, என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே அவள் பக்கத்தில் ஓடினேன். அவள் சொல்லிக்கொண்டே ஓடினாள். பேச்சு தடைபட்டால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். "மெதுவா, மெதுவா, அப்புறம் அந்த மாமி என்ன சொன்னாங்க?" என்பேன். வேகம் சரியாகிவிடும். அந்த மழைக்காலம் வருவதற்குள் ஏரியைச் சுற்றியிருந்த அத்தனை வீட்டு சமாசாரமும் எங்கள் மூவருக்கும் அத்துப்படி. ஹேமா நாலு கிலோமீட்டரை நிற்காமல் ஓடினாள்.

பயிற்சி கொடுப்பது என்பதை நான் முதன்முதலில் செய்தது அங்கேதான். பிறகு உடற்கல்விப் படிப்பான பி.பி.எட். படித்தபோது, பேசிக்கொண்டே ஓடுவது ஒரு முறையான பயிற்சி என்று பாடத்திலேயே வந்தது. வகுப்பில் நான் மட்டும் சிரித்தேன்.

4. வண்டலூர்ச் சேறு

போட்டி வண்டலூர்ப் பக்கம், குன்றடியில் புதரும் வரப்புமாக இருந்த இடத்தில் நடந்தது. முந்தின நாள் முழுக்க மழை. எங்கள் நாலு பேரையும் மேடம் குடைக்கடியில் இழுத்து வைத்துச் சொன்னார்: "செல்வி, நீ உன் இஷ்டத்துக்குப் போ. மத்தவங்க யாரும் ஹீரோயின் வேலை காட்ட வேண்டாம். எனக்கு நாலு பேரும் முடிக்கணும். புரியுதா?"

ஹேமா என் பழைய பேன்ட்டைப் போட்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. "ஷமீமா, நீ என் பக்கத்துலயே ஓடுவியா?" என்று கேட்டாள்.

"முடியாதுடி. நான் முன்னாடி போய்ப் புள்ளி எடுக்கணும். நீ பேசிக்கிட்டே வா."

"யார்கிட்ட?"

அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

ஓட்டம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சேறு, முள், ஒரு வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர். கேன்வாஸ் ஷூவுக்குள் தண்ணீர் புகுந்து ஒவ்வொரு காலும் ஒரு குடம் கனத்தது. வழியில் இரண்டு கல்லூரிப் பெண்கள் கால் பிசகி உட்கார்ந்திருந்தார்கள். முடிக்கும் இடத்தில் டோக்கன் கொடுத்தார்கள். அதில்தான் நாம் எத்தனையாவது என்று எழுதியிருக்கும். செல்வி மூன்றாவதாக வந்திருந்தாள். நான் பதினோராவது. கொஞ்ச நேரத்தில் கனகா தலையிலிருந்து கால்வரை சேறாக வந்து விழுந்தாள்.

ஹேமாவைக் காணவில்லை.

இரண்டு கல்லூரிகள் நாலு பேரையும் முடித்து முதல் இரண்டு இடங்களை எடுத்துவிட்டன. மற்ற சில அணிகளில் ஆள் குறைந்து போயிருந்தது. மூன்றாவது இடத்துக்கு நாங்களும் நீல பனியன் போட்ட இன்னொரு கல்லூரியும்தான் மிச்சம். அவர்களுக்கும் மூன்று பேர் வந்துவிட்டார்கள், நாலாவது வரவில்லை. அவர்கள் டோக்கன்களையும் எங்கள் டோக்கன்களையும் வைத்து மேடம் கூட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே எண். யாருடைய நாலாவது ஆள் முன்னால் வருகிறாளோ அவர்களுக்குத்தான் இடம்.

மறுபடி தூறல் ஆரம்பித்தது. மேடம் குடையை விரிக்க மறந்து நின்றார். நான் எதிர்வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எவ்வளவு வேகமாக ஓடினாலும் வாங்க முடியாத சீட்டு அது என்று அந்த நேரத்தில்தான் முழுசாக உறைத்தது. என் பங்கை முடித்துவிட்டேன். இனி எல்லாம், என்னால் எந்த லாபமும் இல்லாத ஒருத்தியின் காலில் இருந்தது.

கடைசி ஆளைப் பார்த்துக்கொண்டு சைக்கிளில் போய்வந்த தொண்டர் ஒருவர் வந்தார். செல்வி ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்தாள்.

"அண்ணே, பின்னாடி யாருனா வராங்களா?"

"வந்துகினு கீறாங்கம்மா ரெண்டு பேரு. ஓடுறாங்களா, பேசிகினு வராங்களானு தெரியல."

எனக்கு உயிர் வந்தது. அது ஹேமாதான். ஆனால் இரண்டாவது ஆள் யார்?

வரப்பில் இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று ஹேமா. பக்கத்தில் நீல பனியன்! அந்தக் கல்லூரியின் நாலாவது பெண். ஹேமா கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்ல, அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே கூட ஓடி வந்தாள். பாதி வழியில் அந்தப் பெண் அழுதுகொண்டே நடந்திருக்கிறாள். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ஹேமா அவளையும் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

நீல பனியன் கல்லூரி மாஸ்டர் கத்த ஆரம்பித்தார். "விமலா! கமான் விமலா! அவளைத் தாண்டு!"

விமலாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு வேகம் எடுத்தாள். ஹேமா அவள் போவதைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே அதே வேகத்தில் வந்தாள். ஒருவேளை, தான் தேற்றிக் கூட்டி வந்தவள் நன்றாக ஓடுகிறாளே என்று நினைத்தாளோ என்னவோ.

"ஹேமா! ஓடு ஹேமா!" என்று நானும் கனகாவும் கத்தினோம். அவள் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள்!

அப்போது செல்வி முன்னால் பாய்ந்து, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள்: "ஹேமா! ட்ரெயினு! ட்ரெயினு எடுத்துட்டான்டீ!"

ஹேமாவின் முகம் மாறியது. இடது முழங்கை தானாக விலாவோடு இடுங்கியது, டிபன் பையைப் பிடித்திருப்பதுபோல. அப்புறம் நாங்கள் பார்த்தது சானடோரியம் ஸ்டேஷனில் தினமும் பார்க்கிற அதே ஹேமாதான். சேறு தெறிக்கப் பாய்ந்து வந்து, முடியும் இடத்துக் கயிற்றுக்கு இரண்டடி இருக்கும்போது விமலாவைத் தாண்டி உள்ளே புகுந்து, நேராக ரோஸலின் மேடம் மேல் மோதி நின்றாள்.

மூன்றாவது இடம். மேடம் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வேகம் எடுத்தது தான்தான் என்பதை மறந்துவிட்ட விமலாவால் அதைப் பொறுக்க முடியவில்லை. "ஏய், சேர்ந்தே முடிக்கலாம்னு நீதானே சொன்னே!" என்று கேட்டாள். ஹேமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரி... ட்ரெயின்னு சொன்னாங்க..." என்று சொல்லி அழுதே விட்டாள். திரும்பி வரும்போது தாம்பரம் வரை அந்த அழுகை ஓயவில்லை. "அவளுக்கும் ஏதாவது சீட்டு போயிருக்குமோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்கும் அது உறுத்தியது. என் சீட்டுக்காக இன்னொருத்தி வீட்டில் உட்கார வேண்டி வந்தால்?

அடுத்த மீட்டில் ஹேமாவே விமலாவைத் தேடிப் பிடித்துக் கேட்டாள். விமலா சிரித்தாள். "எனக்கென்ன சீட்டு? ஓடினா லேப் அட்டெண்டன்ஸ் குடுக்கறேன்னு சொன்னாங்க. குடுத்துட்டாங்க." அதற்கப்புறம் அந்த இருவரும் மைதானத்தில் ஒருவரையொருவர் பார்த்துவிட்டால் போட்டியே நடக்காதது மாதிரி பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

5. அதன் பிறகு

சீட்டு உறுதியான அன்று மாலை கடைக்குப் போய்ச் சொன்னேன். அத்தா மிஷினை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்துக் கடையில் டீ சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு, "அப்ப இனிமே ஓட வேணாம் இல்லம்மா?" என்றார்.

"ஓடணும் அத்தா. இனிமேதான் நெறைய ஓடணும். மூணு வருஷமும் ஓடினாத்தான் சீட்டு."

அவருக்கு அது புரிய நேரம் ஆனது. பரீட்சை மாதிரி, ஒரு தடவை பாஸ் ஆனால் முடிந்தது என்று நினைத்திருந்தார். "அப்ப இது வேலை மாதிரி" என்றார். "தெனம் கடையைத் தொறக்கிற மாதிரி." அதன் பிறகு என்னை எழுப்பும்போது, "ஓடப் போகலையா?" என்று கேட்பதை விட்டுவிட்டார். "வேலைக்கு நேரமாச்சு" என்பார்.

செல்வி மூன்றாம் வருஷம் முடிக்கும் முன்பே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயில் வேலை வாங்கிவிட்டாள். அந்த அத்தை மகன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறான். கனகா திருமணமாகிக் கோயம்புத்தூர் போனாள். ஹேமா கல்லூரியிலேயே அந்த ஒரு வருஷத்தோடு ஓட்டத்தை விட்டுவிட்டு, பிறகு வங்கியில் சேர்ந்தாள். பொழிச்சலூரில் வீடு கட்டிக் குடிபோனபோது எங்கள் எல்லோரையும் கூப்பிட்டிருந்தாள். வாசலிலேயே பஸ் நிற்கும் என்று பெருமையாகச் சொன்னாள். நான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிசிக்கல் டைரக்டர் வேலையில் சேர்ந்தேன்.

சேர்ந்த புதிதில் ரோஸலின் மேடத்தைப் போய்ப் பார்த்தேன். ஓய்வு பெற்றிருந்தார். செலக்‌ஷனில் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டேன். பெரிய சூத்திரம் ஏதாவது சொல்வார் என்று நோட்டைக்கூட எடுத்துப் போயிருந்தேன். "டைம் எல்லாம் வாட்சே சொல்லிடும்மா. தோத்த பிறகு அந்தப் பொண்ணு என்ன பண்றான்னு பாரு. அது வாட்சுல தெரியாது" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. மீதி நேரமெல்லாம் காப்பியும் முறுக்கும்தான்.

என் வேலைக்காலத்தில் நான் கற்றுக்கொண்டது இரண்டு விஷயம். ஓடும் பெண்களுக்காகச் சொல்கிறேன்.

சீட்டு ஒன்றுதான் என்று சொன்னால், முதலில் அதற்காக முழு மூச்சோடு ஓடிவிடுங்கள், எதிரில் ஓடுவது உயிர்த்தோழியாக இருந்தாலும். அரைகுறையாக ஓடியவளுக்கு, தோற்ற பிறகு கதவைத் தட்டிக் கேட்கும் தைரியம் வராது. முழுசாக ஓடித் தோற்றுவிட்டால், கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள். நான் இருந்தவரை அப்படிக் கேட்டு வந்த பெண்களில் சிலருக்கு வழி கண்டுபிடிக்க முடிந்தது, சிலருக்கு முடியவில்லை. ஆனால் கேட்டவர்கள் யாரையும் நான் மறக்கவில்லை.

இரண்டாவது, நாலாவது ஆளைப் பற்றியது. என் பெண்கள் கிராஸ் கன்ட்ரி ஓடும்போது, முதலில் வந்தவளுக்கு எல்லோரும் கைதட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். நான் வரப்பையே பார்த்துக்கொண்டு நிற்பேன். "மேடம், நான்தான் ஃபர்ஸ்ட்! இங்க பாருங்க மேடம்!" என்று ஜெயித்தவள் கோபித்துக்கொள்வாள்.

"பார்த்தேன்டா கண்ணு, நல்லா ஓடினே" என்று அவள் தலையைத் தடவிவிட்டு, "வா, சேர்ந்து கத்தலாம். இன்னும் ஒருத்தி வரணும்" என்று அவளையும் இழுத்துக்கொண்டு கயிற்றோரம் போவேன்.